ஹாலஜனா, எல்இடியா: சுவரைக் கேளுங்கள்

"ஹாலஜன் எல்லாம் பழசுண்ணே. இதை மாட்டிப் பாருங்க, பகல் மாதிரி இருக்கும்" என்று ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைத் தம்பி நீட்டிய எல்இடி பல்பு டப்பாவில் 20,000 லூமென் என்று அச்சடித்திருந்தது. நல்ல எச்4 ஹாலஜன் பல்பு ஹை பீமிலேயே 1,650 லூமென்தான் தரும். கணக்கு இடித்தது. ஆனாலும் 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். எட்டு வருடம் ஓடிய 350 சிசி வண்டி, ஏழங்குல வட்ட ஹெட்லைட். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் பக்கம் இரவில் போய்வர அந்த மஞ்சள் வெளிச்சம் பத்தவில்லை.

மாட்டும்போதே சகுனம் சரியில்லை. எல்இடியின் சூடு முன்னால் போகாது, பின்பக்கமாகத்தான் இறங்கும். அதற்காக வால் போல ஒரு ஃபேன் வைத்திருக்கிறார்கள். அது ரப்பர் மூடிக்குள் அடங்காததால் தம்பி மூடியைக் கத்தரித்தான். ஹெட்லைட் டூமுக்குள் தூசியும் மழைத் தண்ணீரும் போக அன்றே வழி பிறந்தது.

வீட்டுக்கு வந்ததும் எதிர் காம்பவுண்டுச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டை எடுத்து மேலே உட்கார்ந்துகொண்டேன். விளக்கின் நடுமையம் எந்த உயரமோ அந்த உயரத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. பழைய ஹாலஜனை மாட்டி லோ பீம் போட்டால் வெளிச்சம் கோட்டுக்குக் கீழே சமர்த்தாக உட்கார்ந்தது. இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலேறியது. சாலையோரம் நடப்பவரையும் பலகையையும் காட்டத்தான் அந்த ஏற்றம். எல்இடியை மாட்டினேன். கோட்டுக்கு மேலே, எதிர் வீட்டு மாடி ஜன்னல் வரை வெள்ளை வெளிச்சம். தரையில் கண் பறிக்கும் ஒரு திட்டு. நடுவில் இருட்டு.

காரணம் பல்பின் உடம்பிலேயே இருக்கிறது. எச்4 ஹாலஜனுக்குள் இரண்டு சுருள்கள். லோ பீம் சுருளுக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு. வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் விழாமல் அது தடுக்கும். மேல்பாதியில் பட்டது மட்டும் சாலையில் இறங்கும். சுருள் சுற்றிலும் ஒளி வீசும். எல்இடி பல்பிலோ ஒரு தகட்டின் இரு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். ஒளி பக்கவாட்டில்தான் போகும். சிப் இருக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே ரிஃப்ளெக்டரின் கணக்கு தப்பிவிடும். ஜெர்மனியில் இப்படி மாற்றி மாட்டும் எல்இடி பல்புக்கு, ஓஸ்ராம் கொண்டுவந்ததற்கு, 2020இல்தான் முதல் அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த மாடல்களுக்கு மட்டும்.

இருந்தும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். முதல் பார்வைக்குப் பிரமாதம்தான். பக்கத்தில் பத்து மீட்டர் பளீரென்று இருக்கும். அந்தப் பளீரில் கண்மணி சுருங்கிவிட, தொலைவில் நிற்கும் மாடு தெரியாது. மூன்றாம் நாள் எதிரே வந்த பஸ் மூன்று முறை லைட் அடித்தது. நெருங்கியதும் டிரைவர் தலையை நீட்டி, "யோவ், டிம் பண்ணுய்யா!" என்று கத்தினார். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க லாரி ஹெட்லைட்டில் போலீஸார் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காலம் நினைவுக்கு வந்தது.

எல்இடியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு ஹோல்டரில் 12.4. பழைய ஸ்விட்சும் மெல்லிய ஒயரும் நடுவிலேயே தின்றுவிட்டிருந்தன. ஹாலஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் ரிலே கிட் ஒன்று 550 ரூபாய். அதே 60/55 வாட் பல்பு. சுவரில் கோடு கலையவில்லை, வெளிச்சம் மட்டும் கூடியது. 100/90 வாட் பல்பு போடலாமே என்பவர்கள், ஹோல்டர் உருகிய வாடையை ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

ஆனால் கம்பெனியிலிருந்தே எல்இடியோடு வரும் வண்டி வேறு சங்கதி. அங்கே ரிஃப்ளெக்டரோ லென்ஸோ சிப்புக்காகவே செய்தது. நண்பனின் புது வண்டியை நேர்ச்சாலையில் ஓட்டியபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது: பாதிக்கும் குறைவான கரண்டில் விரிந்த, வெள்ளையான வெளிச்சம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிகிறது. சில நூறு மணி நேரமே உழைக்கும் ஹாலஜனுக்கு அது பெரிய சுமை, எல்இடிக்கு ஒன்றுமில்லை. புது வண்டி வாங்குபவர் தயங்காமல் எல்இடியே எடுக்கலாம்.

குறை தெரிந்தது கொல்லிமலையில். இருட்டிய பின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டியோடு இறங்கினேன். வண்டி சாயும்போது கத்தியால் வெட்டினாற்போன்ற வெளிச்ச விளிம்பும் சாய்ந்து, வளைவின் உட்புறம் கன்னங்கரேல் என்றாகிவிடுகிறது. என் ஹாலஜனின் விளிம்பு மங்கல் என்பதால் அங்கேயும் கொஞ்சம் கசியும். இன்னொன்று, அந்த எல்இடி செத்தால் முழு யூனிட்டையே மாற்ற வேண்டும், செலவு ஆயிரக்கணக்கில்.

எனக்கு உதிரி பல்பு 200 ரூபாய். டூல் பாக்ஸில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். அதன் கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடத்தில் சூடேறி வெடித்துவிடும்.