காதுக்கே தீர்ப்பு

 அந்தமான் படாக் மரத்தின் செந்நிறத்தையும் ரேகையையும் கண்ணால் பார்த்தே மெச்சலாம். ஆனால் ஆம்ப்ளிஃபயரை அப்படிக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. பெட்டியின் அழகும் விலையும் காதை ஏமாற்றிவிடும். 1978-இல் இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தின் வால்வு, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களைப் பெயர் மறைத்து ஒலிக்கவிட்டபோது, தேர்ந்த காதுகளாலும் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை.

“எனக்கு வித்தியாசம் கேட்கிறதே” என்பார்கள் சிலர். பெரும்பாலும் அது ஒலியளவின் வித்தியாசம். சற்றே உரத்து ஒலிப்பது தெளிவாகத் தோன்றும். திறன் போதாமல் அலையின் முகடு வெட்டுப்பட்டால் வேறுபாடு மெய்யாகவே கேட்கும். அந்தத் திறன் எல்லைக்குள் நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்றுபோல ஒலிப்பது குறையல்ல, பொறியியலின் வெற்றி. ஆகவே ஒலியளவைச் சமமாக்கி, பெயரை மறைத்துக் கேளுங்கள். மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள்.