அணியில் யாருக்கு இடம்?

இலக்கியம் பேசவேண்டிய பக்கங்களிற் சிறுவர் விளையாட்டொன்றைப் பேசப் புகுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் எம்மிடையே உளர். நாட்டுக்கூத்தும் வாசாப்பும் ஒருகாலத்திற் பண்டிதர்களின் இதே முகச்சுளிப்பைச் சந்தித்தவைதாம். மன்னார்த் தீவிலும் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் நாம் கற்பிக்கும் மாணவருட் சிலர், பாடக் கொப்பியின் பின்தாளில் ஆறு பெயர்களை எழுதி, வெட்டியும் திருத்தியும் மணிக்கணக்காக வாதிடுகின்றனர். அவை ‘போகிமொன்’ என்னும் யப்பானிய விளையாட்டிலே பொருதும் பூதங்களின் பெயர்கள். கருவியை விலைகொடுத்து வாங்க வகையில்லாதவரும், இணையத்தில் இலவசமாக நடைபெறும் ‘ஷோடவுன்’ என்ற போர்க்களத்திற் கைத்தொலைபேசி வழியே நுழைந்துவிடுகின்றனர். பிள்ளைகளின் சிந்தனையை இவ்வளவு தூரம் பற்றிக்கொண்ட ஒன்று அவர்களுக்கு எத்தகைய உலக நோக்கைப் புகட்டுகின்றது என்று கேட்பது விமர்சகனின் கடமை. ஆசிரியனுக்கு அக்கடமை இன்னும் பெரிது.

1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் இவ்விளையாட்டு நின்ரெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்கென யப்பானில் வெளியாயிற்று. இதனைக் கற்பனை செய்த சதோஷி தஜிரி, இளமையிற் பூச்சி பிடித்துத் திரிந்தவர். வயலும் குளமும் கட்டடங்களுக்குள் மறைந்துபோன பின்னர், அந்த இன்பத்தை நகர்ச் சிறுவருக்கு மீட்டுக் கொடுக்க விழைந்தார் என்பர். அன்று 151 ஆக இருந்த பூதங்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. உலகப் போட்டியில் ஒவ்வொருவரும் ஆறு பூதங்களை அணி சேர்த்து, எதிராளியின் ஆறையும் கண்டபின் நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்குவர். ஒரே இனம் இருமுறை இடம்பெறல் ஆகாது. தீ நீருக்கு அஞ்சும். நீர் மின்னுக்கு அஞ்சும். மின்னோ மண்ணிடம் செல்லாது. இவ்வாறு பதினெட்டு வகைகள் ஒன்றையொன்று அடக்கியும் அடங்கியும் நிற்பதால், எதற்கும் அஞ்சாத வகை என்று ஒன்றைக் காட்டவே முடியாது. வலியவை ஆறைப் பொறுக்கி நிறுத்தியவன் தோற்பான்; யாருடைய குறையை யார் மறைப்பது என்று எண்ணியவனே வெல்வான். தனிமனித வீரத்தைப் பாடிப் பாடி அலுத்த எமது வெகுசன சினிமாவிடம் நாம் காணாத ஒரு விவேகம் இது.

2014ஆம் ஆண்டு ஓகஸ்டில் வொஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியை இங்கு எடுத்துக்கொள்ளலாம். தென்கொரியாவின் சே ஜுன் பார்க் தம் அணியிற் பச்சிரிசு என்னும் மின்சார அணிலைச் சேர்த்திருந்தார். (பச்சரிசியை நினைவூட்டும் இப்பெயரைக் கேட்டு எம் வகுப்பறை சிரித்தது.) பிறவித் திறன்களைக் கூட்டினால் அந்த அணிலுக்கு 405, அதே அணியில் நின்ற கார்ச்சொம்புக்கு 600. ஆனால் எதிரிகள் தோழன்மேற் குறிவைக்கும் தாக்குதல்களைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் வித்தை அணிலிடம் இருந்தது. மின் தாக்குதல் பட்டால் காயம்படாது நலம்பெறும் இயல்பும் இருந்தது. பக்கத்தில் நின்ற கியாரடோஸ் என்னும் பெருநாகமோ மின்னுக்கு நான்கு மடங்கு நடுங்குவது. அணில் அடியை வாங்க, நாகம் அடித்தது. பார்க் உலக வீரரானார்.

சின்னஞ்சிறியது மனத்திடத்தால் வென்றது என்று பலர் இதனைக் கதையாக்கினர். அக்கதை எமக்கு உவப்பன்று. அணிலைத் தனியே நிறுத்தியிருந்தால் அது ஒரு கணமும் தாங்கியிராது. அதற்குரிய வேலையைக் கண்டறிந்து, அதற்குரிய துணையையும் அருகில் வைத்த சிந்தனையே போற்றத்தக்கது. வெற்றியைக் கண்ட பின்னர் வேலையை மறந்து அணிலை மட்டும் தம் அணிகளிற் சேர்த்துக்கொண்ட ஆர்வலரும் உண்டு. மரபைப் பின்பற்றுகிறோம் என்று யாப்பை மட்டும் பிடித்துக்கொள்ளும் எமது கவிஞர் சிலரை அவர்கள் நினைவூட்டுகின்றனர்.

இத்தகைய கூட்டு எம் கரைக்குப் புதியதன்று. அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கியவனின் உயிர் மேலே கயிறு பிடித்து நின்றவனின் கையில் இருந்தது. முத்தின் கதைகளில் மூழ்கியவன் வருவான். கயிறு பிடித்தவன் வருவதில்லை. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைசேர்ந்தன. அவற்றில் மூன்றில் இரண்டைப் பிரித்தானிய அரசு எடுத்துக்கொண்டது. எஞ்சிய ஒன்றிலேதான் உழைத்தவர்கள் தம் பங்கைக் காணவேண்டியிருந்தது. கூட்டுழைப்பைப் புகழ்வதோடு நின்றுவிடும் விமர்சனம் இந்தப் பங்கீட்டைக் கேளாமலே போய்விடும்.

போகிமொன் உலகிலும் அடிபடுவது பூதம். கிண்ணம் ஏந்துபவன் அதன் உடைமையாளன். வியப்பென்னவெனில், விளையாட்டை ஆக்கியோருக்கே இது உறுத்தியிருக்கிறது. 2010இல் யப்பானில் வெளிவந்த ‘கறுப்பு’, ‘வெள்ளை’ என்னும் பதிப்புகளில், ஆங்கில எழுத்தொன்றையே பெயராகக் கொண்ட இளைஞன் தோன்றி, பூதங்களை மனிதர் உடைமையாக வைத்திருப்பது நீதியா என்று வினவுகிறான். கூர்மையான வினா. ஆயின் கதை முடியும்போது, அவனை வளர்த்து இயக்கிய கெட்சிஸ் என்பவன் பிறரெல்லாம் பூதங்களைக் கைவிட்டபின் தான் ஒருவனே அவற்றை வைத்து ஆளத் திட்டமிட்டிருந்தான் என்று வெளிப்படுகிறது. விடுதலை கேட்டவனின் தலைவன் கயவன் என்று காட்டிவிட்டால் விடுதலை பற்றிய வினாவுக்கு விடையளிக்க வேண்டியதில்லை அல்லவா? முதலாளியை விட்டுத் தொழிற்சங்கத் தலைவனை வில்லனாக்கும் படங்களின் உத்தியே இது. எத்தனை திறமையோடு கையாளப்பட்டாலும் நாம் இதனை நழுவல் என்றே சொல்வோம்.

இனி, அணியில் இடமே பெறாதவற்றின் நிலை. ஷோடவுன் களத்திற் பூதங்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டுள்ளன. ஆடுவோர் எத்தனை முறை ஒன்றைப் பயன்படுத்தினர் என்ற கணக்கு 4.52 சதவீதத்தை எட்டினால் அது மேற்தட்டு. அதாவது, பதினைந்து போர்களில் ஒருமுறையாவது அதனைச் சந்திப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கவேண்டும். கீழ்த்தட்டுகளுள் ஒன்றின் பெயரே ‘ஒருபோதும் பயன்படாதவை’. 2016இல் வந்த ‘சூரியன்’, ‘சந்திரன்’ பதிப்புகளில் மட்பிரே என்றொரு கழுதை உண்டு. அது வளர்ந்து மட்ஸ்டேல் என்னும் பாரக்குதிரையாகும். அடிபட அடிபடத் தற்காப்பு உயரும் இயல்பு அதற்கு உண்டு. எனினும் அது பெரும்பாலும் கீழ்த்தட்டிலேதான். மன்னார்த் தெருக்களில் அலையும் கழுதைகளை அறிந்த எவருக்கும் இது விளங்கும். அராபிய வணிகர் கொணர்ந்தவை என்று சொல்லப்படும் அவை, பொதி சுமந்த நாளெல்லாம் உடைமையாக இருந்தன. மோட்டார் வாகனம் வந்தபின் உடையவர் இன்றிக் குப்பை மேய்கின்றன. அவற்றின் முதுகு வலிமை குன்றவில்லை, வேலைதான் போய்விட்டது.

தட்டு என்பது பிறவியால் வந்ததன்று, பயன்பாட்டின் கணக்கு என்பதை எம் மாணவர் நன்கறிவர். கணக்கு மாறினாற் பூதம் மேலேறும் என்றும் வாதிடுவர். அதே மாணவர், வகுப்பிற் பின்வாங்கில் இருப்பவனைச் சுட்டி, அவன் மொக்கன் என்று தயக்கமின்றிச் சொல்கின்றனர். அவர்களுக்கு அச்சொல்லைக் கற்றுக் கொடுத்தது விளையாட்டன்று. பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மன்னாரைச் சேர்த்திருக்கும் நாட்டில், அம்மாவட்டத்துக்குள்ளேயே நாம் மீண்டும் தட்டுப் பிரிக்கின்றோம்.

விளையாட்டில் ஒவ்வொரு பூதமும் 0 முதல் 31 வரையான பிறவி எண்கள் ஆறுடன் பிறக்கிறது. நல்லெண் வாய்க்கும்வரை முட்டை முட்டையாகப் பொரிக்கவைத்து, மற்றவற்றைக் கைவிடும் கொடுமையை ஆர்வலர் நெடுங்காலம் இயல்பென்று கொண்டிருந்தனர். சூரியன், சந்திரன் பதிப்புகளில், நூறாம் நிலையை எட்டிய பூதத்துக்குப் பயிற்சியால் அவ்வெண்களின் குறையை ஈடுசெய்ய வழி திறக்கப்பட்டது. 2019இல் வந்த பதிப்புகளிற் பிறவிக் குணத்தின் விளைவையும் மாற்ற இடமளிக்கப்பட்டது. எமது ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு பிள்ளை ஒருமுறைதான் தோற்றலாம்.