பட்டத்துக் காளை சொல்லும் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் யார் முதலில் வந்து குடியமர்ந்தார்கள் என்று கேட்டால், ஒவ்வொரு சமூகமும் ஒரு வழிநடைக் கதையை வைத்திருக்கும். எழுத்தில் தேடினால் கிடைப்பது குறைவு. நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு (1868) நாயக்கர் ஆட்சியையும் பாளையங்களையும் விரிவாகச் சொல்கிறது; மாட்டை ஓட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்த குடும்பங்கள் அதில் அநேகமாக இல்லை.

அவர்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தவர் பிரான்சிஸ். 1906இல் வந்த அவருடைய மதுரை மாவட்ட விவரச்சுவடி, கன்னடம் பேசும் காப்பிலியர் கம்பத்தில் பேணிய புனித மந்தையைப் பற்றிச் சொல்கிறது. மந்தையின் தலைமைக் காளையான பட்டத்துக் காளை இறந்தால் அதற்கு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும். அடுத்ததைத் தேர்ந்தெடுக்கச் சாதியார் அனைவரும் கூடி, மந்தையின் முன் கரும்புக் கட்டை வைத்துக் காத்திருப்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பைத் தின்கிறதோ அதற்கே பட்டம். பிரான்சிஸ் இதை ஒரு விநோதச் சடங்காகவே பார்த்தார். எனக்கு இது குடியேறியவர்களின் ஆவணமாகத் தெரிகிறது. துங்கபத்திரைக் கரையிலிருந்து புறப்பட்டதாகச் சொல்லும் ஒரு கூட்டம் நிலத்தைக் கொண்டுவர முடியாது, கோயிலைப் பெயர்த்துவர முடியாது. கூடவே நடந்து வரக்கூடியது மாடுதான். இன்றும் பொங்கலுக்கு அந்த மந்தையின் இடமான கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழுவில் கூட்டம் கூடுகிறது.

புலம்பெயர்வை இலக்கியமாக்கியவர் கி. ராஜநாராயணன். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ (1976) பேசுவது கரிசல் பூமியில் குடியேறிய தெலுங்குக் குடும்பங்களை, பள்ளத்தாக்கை அல்ல. ஆனாலும் துரத்தல், தப்பி ஓட்டம், கரையோர மரம் வளைந்து ஆற்றைக் கடக்க வழிவிடுவது ஆகிய கதைக்கூறுகள் தெலுங்கு பேசும் தொட்டிய நாயக்கரின் வாய்மொழிக் கதையிலும் உண்டு. அந்த வாய்மொழிக் கதையில் வளையும் மரம் புங்கமரம். எந்த ஆறு, எந்த ஆண்டு என்று தேடும் ஆய்வாளர் இங்கே ஏமாந்துபோவார். வந்தவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதைக் காப்பாற்ற ஓடினார்கள் என்று கேட்பவருக்கு இந்தக் கதைகள் நிறையச் சொல்லும்.

இந்தக் கதைகளில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. வந்த இடம் எப்போதும் ஆளில்லாத காடாகவே இருக்கிறது. மலையடிவாரத்துப் பழங்குடிகளான பளியர்கள் யாருடைய வருகைக் கதையிலும் வாய் திறப்பதில்லை. அவர்கள் கண்ணில் இந்த வண்டிகளும் மாடுகளும் எப்படித் தெரிந்தன என்பதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

வந்தவர்களின் கதை இப்படியென்றால், வெளியேறியவர்களின் கதை வேறு. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே இறங்கியதும் பள்ளத்தாக்கின் தலையெழுத்தே மாறியது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் வைகையில் பின்னாளில் எழுந்த அணை ஊர்களை விழுங்கியது. அந்த இழப்பு வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தில் பதிவாகியிருக்கிறது. வெளியேறியவர்களுக்குக் கிடைத்த அப்படியொரு நாவல், கம்பத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வாய்த்ததாக நான் அறியேன். அவர்களுக்கு இருப்பது தொழுவும், வீட்டுக்குள் பாட்டிமார் பேசும் கன்னடமும். மண்ணுக்கும் மாட்டுக்கும் அந்தப் பேச்சில் இருக்கும் சொற்களை, அந்தப் பாட்டிமார் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.