பெயர்களும் பெஞ்சுகளும்

இங்கிலீஷ் இலக்கியத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்த எவருக்கும், கிராமத்துக் கல்லறை என்றவுடன் தாமஸ் கிரேயின் இரங்கற்பாதான் நினைவுக்கு வரும். 1751-ல் வெளியான கவிதை. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. நானும் அதில் ஒருவன். அந்தி நேரம், எளியவர்களின் மண்மேடுகள், அவற்றின் மீது படியும் கவிஞனின் பார்வை. எளியவர்களைப் பாடிய கவிதை என்று அதற்குப் பெயர். ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கும் ஒருவனுடைய பெயர்கூடக் கவிதையில் கிடையாது. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெயர்களே இல்லாத கவிதை என்றும் சொல்ல முடியாது. மூன்று பெயர்கள் இருக்கின்றன: ஹாம்டன், மில்டன், கிராம்வெல். மூவரும் பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்க் காலத்துப் பெரிய மனிதர்கள். கையெழுத்துப் பிரதியில் முதலில் இருந்தவை கேட்டோ, சிசரோ, சீசர் என்ற ரோமானியப் பெயர்கள். பிற்பாடு கிரே அவற்றை எடுத்துவிட்டு இங்கிலீஷ்காரர்களைக் கொண்டுவந்தார். கவிதை சொந்த மண்ணுக்கு வந்துவிட்டது என்று இந்த மாற்றத்தைப் பாராட்டுவது வழக்கம். எந்த மண்ணுக்கு? நாட்டின் சரித்திரப் புத்தகத்துக்கு வந்தது, கிராமத்துக்கு வரவில்லை. ஹாம்டனாக ஆகாமல் போனவன், மில்டனாக ஆகாமல் போனவன் என்ற தகுதியில்தான் கிராமத்தான் கவிதைக்குள் அனுமதிக்கப்படுகிறான். கடைசியில் கவிதை ஒரு கவிஞனின் கல்லறை வாசகத்தில் போய் முடிகிறது. ஸ்டோக் போஜஸ் கிராமத்தில், தாயின் சமாதியிலேயே 1771-ல் கிரேயை அடக்கம் செய்தார்கள். 1799-ல் பக்கத்து நிலத்தில் அவருக்குப் பெரிய நினைவுச் சின்னம் ஒன்றும் எழுந்தது. பெயரற்றவர்களைப் பாடி ஒருவர் பெயர் பெற்றார்.

1935-ல் வில்லியம் எம்ப்ஸன் இந்தக் கவிதையின் மீது கூர்மையான ஒரு குற்றச்சாட்டை வைத்தார். வாய்ப்பில்லாமல் வீணான ஏழையின் திறமையைக் கடலடி ரத்தினத்தோடும் பாலைவெளிப் பூவோடும் சேர்த்து வைத்தால், மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடு இயற்கையின் நியதி போலத் தோற்றம் கொண்டுவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இதோடு நான் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இந்த இரக்கத்துக்குப் பெயரின்மை ஒரு மூலப்பொருள். மண்ணுக்குள் கிடப்பவன் இன்னான், வரப்புக்காக அடுத்தவனோடு கோர்ட்டுக்குப் போனவன், கடனைத் திருப்பித் தராமலே செத்தவன் என்று தெரிந்துவிட்டால், அந்தி வெளிச்சத்தில் அவன் கரைய மாட்டான். கவிதையின் சோகம் அத்தனை மென்மையாக இருக்க வேண்டுமானால் அவனைப் பற்றி எதுவும் தெரியாமல் இருந்தாக வேண்டும்.

கிரேயின் கவிதைக்கு ஐம்பது வருஷங்களுக்கு முன்னால், ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் மிட்டில் என்ற பாரிஷைச் சேர்ந்த ஒரு கிழவர் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார். ரிச்சர்ட் காஃப் என்று பெயர். 1635-ல் பிறந்தவர், 1723-ல் இறந்தவர். சொந்த நிலம் வைத்திருந்த சிறு குடியானவர்; இளமையில் ஒரு கனவானிடம் எழுத்தராக இருந்தவர். 1700-ல் தன் பாரிஷின் பழமைகளைப் பற்றி எழுதி முடித்துவிட்டு, அடுத்த வருஷம் இன்னொன்றைத் தொடங்கினார். தேவாலயத்தில் இருந்த பெஞ்சுகளையும் அவற்றுக்கு உரிய குடும்பங்களையும் பற்றிய குறிப்புகள் அவை.

அங்கே தேவாலய பெஞ்சில் யாரும் எங்கும் உட்கார்ந்துவிட முடியாது. ஒவ்வொரு இடமும் ஒரு பண்ணைக்கோ வீட்டுக்கோ சொந்தம். நிலம் கைமாறினால் பெஞ்சும் கைமாறும். முன்வரிசையில் கனவான்கள், நடுவில் குடியானவர்கள், கடைசியில் குடிசைக்காரர்கள். இதில் தகராறுகள் வரும். காஃப் தேவாலயத்தின் வரைபடம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பெஞ்சு பெஞ்சாக நகர்கிறார். இந்த இடம் இந்தப் பண்ணைக்கு உரியது. பண்ணை இன்னாரிடம் இருந்தது. அவருக்கு இத்தனை பிள்ளைகள். மூத்தவன் இப்படிப் போனான், இளையவள் அப்படிப் போனாள். பாங்கியில் லெட்ஜர் புரட்டிப் பிழைக்கும் எனக்கு இந்த முறை அந்நியமாகப் படவில்லை. முதலில் கணக்கின் தலைப்பு, பிறகு வரவு, செலவு. வித்தியாசம், காஃபின் லெட்ஜரில் செலவுப் பத்தியில் மனித சுபாவமும் பதிவாகிறது.

டேவிட் ஹிக்லி என்று ஒருவன் வருகிறான். அவ்வப்போது மட்டும் குடும்பப் பொறுப்பு வரும் மனிதன். பாடுபட்டுச் சம்பாதித்ததை மதுக்கடையில் தொலைத்தவன். தாமஸ் ஹேவர்ட் என்று இன்னொருவன். வீட்டில் நிம்மதி இல்லை, சாப்பாட்டுக்காகத்தான் அவன் மதுக்கடைக்குப் போக ஆரம்பித்தான், எல்லோருக்கும் பிடித்த மனிதனாக இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டான், சொத்து போயிற்று. ஒரு குடும்பத்தின் சரிவுக்குக் காரணம் அதன் தலைவன் நல்லவனாக, பேசப் பிரியப்பட்டவனாக இருந்தது என்று இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல ஒரு நாவலாசிரியனுக்கு எத்தனை பக்கங்கள் வேண்டியிருக்கும்? காஃபுக்கு இலக்கியம் செய்யும் எண்ணமே இல்லை. தகவலும் தீர்ப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. தீர்ப்பு கடுமையாக இருக்கும் இடத்திலும் குரல் உயர்வதில்லை.

கிரேயின் மூன்று பெயர்களுக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. கிரேயின் கிராமத்தான் நாட்டின் ரத்தக்கறை படியாதவன். சரித்திரம் அவனை ஒதுக்கி விட்டுவிட்டது, அது ஒருவகையில் அவன் பாக்கியம். ஹாம்டன் 1643-ல் மாண்டது எந்தப் போரிலோ, கிராம்வெல் அதிகாரத்துக்கு வந்தது எந்தப் போரினாலோ, அதே போருக்கு மிட்டில் பாரிஷில் ஆள் எடுத்தார்கள். அரசருக்காகச் சண்டையிட வருகிறவர்களுக்கு வாரக் கூலி இவ்வளவு என்று மிட்டில் குன்றின் மேல் நின்று அறிவித்ததை, எட்டொன்பது வயதுச் சிறுவனாக வேடிக்கை பார்க்கப் போனதைக் காஃப் எழுதுகிறார். மிட்டில், மார்ட்டன், நியூட்டன் என்ற மூன்று சிற்றூர்களிலிருந்து மட்டும் 20 பேர் போருக்குப் போனார்கள். 13 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்று சிற்றூர்களில் இவ்வளவு என்றால் இங்கிலாந்து முழுவதும் எத்தனை ஆயிரம் பேர் செத்திருப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். கிரேயின் கவிதையில் நிழலான சாத்தியமாக வருவது இங்கே 13 பிணங்களாக இருக்கிறது. கிராமத்தான் சரித்திரத்துக்கு வெளியே இருந்தான் என்பது, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாதவர்களின் கற்பனை.

அந்தப் பட்டியலில் ரிச்சர்ட் சாலனர் என்று ஒரு பையன். முறையான திருமணத்தில் பிறக்காதவன். பாரிஷின் தர்மப் பணத்தில் ஓரளவு வளர்ந்தவன். ஆள் வளர்த்தியாக இருந்ததால் ஷ்ரூஸ்பரிக்குப் போய்ப் படையில் சேர்ந்தான்; 1642 அக்டோபர் 23-ல் எட்ஜ்ஹில் சண்டைக்குப் போனான்; பிறகு அவனைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாரும் ஒன்றும் கேள்விப்படவில்லை. அவ்வளவுதான் செய்தி. சொந்தப் பெஞ்சு என்று ஒன்று இருந்திருக்க முடியாத பையன் இவன்.

இங்கே காஃபின் முறைக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய நினைவு சொத்தின் வழியாக நடக்கிறது. பெஞ்சு இருப்பவனுக்கு ஒரு தலைப்பு உண்டு. வேலைக்காரர்களும் நாடோடிக் கூலிகளும் வேறொருவரின் கதைக்குள் நுழைந்து வெளியேறுகிறார்கள். பெண்கள் பெரும்பாலும் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி. சுயநிலக்காரர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்த தேவாலயம்தான் இது. ஆனால் சட்டகத்தைப் போட்டவரே அதைக் கடைப்பிடிக்க முடியாமல் தவிப்பதுதான் இந்தப் புத்தகத்தின் ஜீவன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெஞ்சைப் பற்றித் தொடங்கியவர் அதில் உட்காராதவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார். கிரேயிடம் மரணம் எல்லோரையும் சமமாக்குகிறது. காஃபிடம் வம்பு அந்த வேலையைச் செய்கிறது. கனவானின் சோம்பேறித்தனமும் கூலிக்காரனின் குடியும் ஒரே மையில் எழுதப்படுகின்றன.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியமானது. செத்தவர்களின் குறைகளை இப்படிப் பெயர் சொல்லி எழுதலாமா? காஃப் இதை யோசிக்காமல் இல்லை. முன்னோர்களின் கெட்ட நடத்தையை எழுதிவிட்டேன் என்று யாராவது குறைபட்டால், அவர்கள் தங்கள் பெயருக்குக் களங்கம் வராமல் வாழ்ந்துவிட்டுப் போகட்டும். நான் துவேஷத்தால் எதையும் எழுதவில்லை என்கிறார். ஒழுக்க உபதேசத்தின் தொனி இருந்தாலும் பதில் நேர்மையானது. ஒருவனை அவன் குறையோடு ஞாபகம் வைத்திருப்பவன், அவனை உண்மையாகவே தெரிந்தவன். குறைகளை உரித்தெடுத்துவிட்டுப் போற்றும்போது எஞ்சுவது நம் போற்றுதல் மட்டும்தான்.

ஊரின் இறந்தவர்களை எழுதியவர்கள் பிறகும் வந்தார்கள். ஜார்ஜ் கிராப் 1807-ல் பாரிஷ் பதிவேட்டையே ஒரு நீண்ட கவிதையின் அமைப்பாக எடுத்துக்கொண்டார்: ஞானஸ்நானங்கள், திருமணங்கள், அடக்கங்கள். கிரேயைவிட அவருக்குக் கிராமம் தெரியும். ஆனால் பெயர்கள் கற்பனை. ரொனால்ட் ப்ளைத் 1969-ல் எழுதிய ஏக்கன்ஃபீல்டில் சஃபோக் கிராமத்தவர்களின் குரல்களே பேசுகின்றன; பேசியவர்கள் உயிரோடு இருந்தவர்கள், ஆகவே ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் மாற்றப்பட்டன. அது நியாயமான மரியாதை. 1918-க்குப் பிறகு இங்கிலாந்தின் பெரும்பாலான கிராமங்களில் போர் நினைவுக் கற்கள் எழுந்தன. அங்கே அசல் பெயர்கள் இருக்கின்றன, வரிசையாக, கதை எதுவும் இல்லாமல். கதையற்ற பெயர், பெயர் மாறிய கதை, இரண்டும் இல்லாத சோகம் என்று இந்த வகைகளைப் பிரித்துப் பார்க்கும்போது, பெயரும் கதையும் ஒன்றாக வரும் காஃபின் புத்தகம் எவ்வளவு அபூர்வமானது என்று புரிகிறது.

1974-ல் டேவிட் ஹே என்ற சரித்திர ஆசிரியர் மிட்டிலைப் பற்றி ஒரு முழு ஆய்வு எழுதினார். பதிவேடுகளோடும் ஆவணங்களோடும் காஃபைப் பக்கத்தில் வைத்துப் படித்த ஆய்வு அது. சரித்திரத்துக்குக் காஃப் ஒரு சாட்சி. இலக்கியத்துக்கு அவர் யார் என்ற கேள்வியை விமர்சகர்கள் கேட்க வேண்டும். இரங்கற்பாவின் வடிவத்தில் இறந்தவர்கள் நம் துயரத்துக்குப் பயன்படுகிறார்கள். எழுதுகிற நம் எல்லோருக்கும் இந்தச் சபலம் உண்டு: பெயரில்லாத ஒரு கிழவன், பெயரில்லாத ஒரு திண்ணை, கூடவே நம் அந்தரங்கமான ஏக்கம். அந்தக் கிழவனிடம் கேட்டால் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு வழக்கும் பாக்கி இருந்தது.

காஃப் எழுதியதில் ஒரு பகுதி 1834-ல் அச்சானது, முழுவதும் 1875-ல். நான் எழுதியவற்றில் பல உபயோகமற்றவை என்று சிலர் நினைக்கலாம், ஆனால் எப்போதாவது யாருக்காவது தேவைப்படாத விஷயம் எதுவும் இதில் இல்லை என்ற அர்த்தத்தில் அவர் ஓர் இடத்தில் சொல்கிறார். நிலத் தகராறுகளை மனதில் வைத்துச் சொன்னதாக இருக்கலாம். ரிச்சர்ட் சாலனருக்குக் கல் இல்லை, பெஞ்சு இல்லை. சண்டைக்குப் போய் அறுபது வருஷம் கழித்து, அந்நாளில் சிறுவனாக இருந்த ஒருவர், அவன் ஆள் வளர்த்தி என்பதை ஞாபகம் வைத்திருந்தார்.