அலுமினியத்தின் மின்கணக்கு

வினைபடு வரிசையில் ஓர் உலோகம் நிற்கும் இடம்தான் அதைத் தாதுவிலிருந்து பிரிக்கும் வழியைத் தீர்மானிக்கிறது. இரும்பு நடுவில் நிற்கிறது. ஊதுலையில் கரியே அதனிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துவிடும். அலுமினியமோ கார்பனுக்கும் மேலே நிற்கிறது. அதனால் புவியோட்டில் மிக அதிகமாகக் கிடைக்கும் உலோகமாக இருந்தும், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது அரிய பொருளாகவே இருந்தது. 1854இல் பிரான்சின் வேதியியலாளர் டெவில் சோடியத்தைக் கொண்டு அதைப் பிரித்தார். அந்தச் சோடியத்தைத் தயாரிப்பதற்கே பணம் கரைந்தது.

1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விடைக்கு வந்தார்கள். அலுமினியத்தின் ஆக்சைடான அலுமினா உருக 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். உருகிய கிரையோலைட் என்ற ஃபுளூரைடு கனிமத்தில் கரைத்துவிட்டாலோ, ஏறத்தாழ 960 டிகிரியிலேயே மின்னாற்பகுப்பு நடக்கும். பிரியும் உலோகம் கரைசலைவிடச் சற்றே கனமானது. அடியில் தங்கி, மேலிருக்கும் கரைசலாலேயே காற்றிலிருந்து காக்கப்படுகிறது. வேதியியலில் இவ்வளவு சிக்கனமான தீர்வுகள் அபூர்வம். ஏறக்குறைய 140 ஆண்டுகளாக அடிப்படை மாறாமல் நிற்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

குறை எங்கே? முதலில் மின்னாற்பகுப்புக் கலத்துக்குள்ளேயே இருக்கிறது. நேர்மின்வாய் கார்பனால் ஆனது. அலுமினாவிலிருந்து விடுபடும் ஆக்சிஜன் அதைத் தின்றபடியே இருக்கும். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 400 கிலோ கார்பன் எரிந்து, ஒன்றரை டன் அளவுக்குக் கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது. கரைசலில் அலுமினா குறைந்துவிட்டால் கலத்தின் மின்னழுத்தம் நான்கு வோல்ட் சொச்சத்திலிருந்து திடீரெனப் பல பத்து வோல்ட்டுகளுக்குத் தாவும். பழைய ஆலைகளில் ஒவ்வொரு கலத்திலும் ஒரு மின்விளக்கு மாட்டியிருப்பார்கள். அது பளிச்சென்று எரிந்தால் தொழிலாளி பச்சை மரக்கம்பை உருகிய கரைசலுக்குள் செருகி நிலைமையை அடக்குவார். அந்தச் சில நிமிடங்களில் கார்பனும் ஃபுளூரினும் சேர்ந்து உருவாகும் கார்பன் டெட்ராஃபுளூரைடு வளிமண்டலத்தில் சுமார் 50,000 ஆண்டுகள் தங்கக்கூடியது. இன்று கணினிவழி அலுமினாவைச் சிறுகச் சிறுக ஊட்டுவதால் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இந்த முன்னேற்றத்தை மனமாரப் பாராட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை கலத்துக்கு வெளியே இருக்கிறது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது: ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி 14 மணி நேரம் ஓயாமல் ஓடும் அளவு. அந்த மின்சாரம் ஐஸ்லாந்தில்போல நீர்மின் நிலையத்திலிருந்து வந்தால் ஒரு கணக்கு. ஒடிசாவில்போல நிலக்கரியிலிருந்து வந்தால், ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ கார்பன் டைஆக்சைடு என்று வைத்துக்கொண்டாலும், டன்னுக்குப் பதினான்கு டன். ஒரே வாய்பாடு, ஒரே உலோகம். நம் பாடநூல்கள் சமன்பாட்டை எழுதச் சொல்கின்றன, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சொல்வதில்லை. மாணவர்களுக்கு இது பெரிய இழப்பு.

அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டைச் சுத்திகரிக்கையில் மிஞ்சும் காரமான செஞ்சேறு இன்னொரு சுமை. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா ஆலையில் சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து, சேறு கொலொன்டார், தெவெச்செர் ஊர்களுக்குள் புகுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். மேட்டூரில் 1960களில் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வந்தது. அங்கே உருக்குவது எப்போதோ நின்றுவிட்டது, செஞ்சேறு அதோடு போய்விடவில்லை.

கலத்துக்குள் இருக்கும் குறைக்கு எரியாத நேர்மின்வாய்தான் தீர்வு என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். 2018இல் ஆல்கோவாவும் ரியோ டின்டோவும் அதற்காகவே எலிசிஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அந்த மின்வாயிலிருந்து கார்பன் டைஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜன் வெளிவரும் என்பது உண்மைதான். ஆனால் எரியும் கார்பன் வெறும் கழிவு அல்ல; ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலையில் ஒரு பங்கை அதுவே செய்கிறது. அதை எடுத்துவிட்டால் அலுமினாவைப் பகுக்கக் கோட்பாட்டளவில் இன்னும் ஒரு வோல்ட் தேவைப்படும், கிலோவுக்கு மூன்று யூனிட் கூடுதல் செலவு. அந்த மூன்று யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வந்தால், டன்னுக்கு மிச்சமாகும் ஒன்றரை டன் புகைக்கு ஈடாக மூன்று டன் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே போகும். ஆகவே நேர்மின்வாயை மாற்றுவதற்கு முன் மின்சாரத்தை மாற்ற வேண்டும். அதுவரை, புதுச் சுரங்கம் தோண்டுவதைவிட, புதிதாகத் தயாரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஐந்து சதவீதத்திலேயே திரும்ப உருகும் பழைய அலுமினியத்தை வகை பிரித்துச் சேர்ப்பதில் பணத்தைப் போடுவதே சரி.