டிராம் போன தெருவில் நடப்பவர்கள்

எங்கள் கொடைக்கானல் மலையில், பாச்சலூர் போன்ற ஊர்களில் பஸ் நிற்கும் இடம்தான் கடைவீதி. இறங்கினால் டீக்கடை, நாலடி தள்ளி மளிகை. பெருநகரத்துக் கடைவீதியையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். வண்டியை விட்டு இறங்கும் வயசாளி பயமில்லாமல் கடை வாசலுக்குப் போய்ச் சேர முடிகிறதா? பெருநகரத் தெருக்களில் ஓடிய டிராமை நினைத்து ஏங்குகிறவர்களும் சரி, பழங்கதை என்று ஒதுக்குகிறவர்களும் சரி, இதைக் கேட்பதாகத் தெரியவில்லை.

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே 7 அன்று. 1873லேயே குதிரை டிராம் பார்த்த கல்கத்தா, மின்சாரத்துக்கு மாறியது 1902ல்தான். சென்னையில் முதலில் மின்சாரத்தைத் தரைக்கடியில் கொண்டுபோனார்கள். மழை வெள்ளத்துக்கு அது தாங்கவில்லை; பிறகு தலைக்கு மேலே கம்பி வந்தது. 1921 வாக்கில் 24 கிலோமீட்டர் தடத்தில் 97 வண்டிகள் இருந்தன. கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் எல்லாம் நின்றது. அதே வருஷம் ஜூலையில், இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா ஏறியதற்காகக் கல்கத்தா தெருவில் இறங்கிப் போராடி, உயர்வைத் திரும்பப் பெற வைத்தது.

அதனால் கொல்கத்தா டிராமை நன்றாக வைத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை. காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளுக்கு நடுவே ஊர்ந்துவரும் டிராமில், புகை கிடையாது; நிறுத்தங்களும் பக்கம் பக்கமாக இருக்கும். இதெல்லாம் நடக்கிறவருக்குத் தோதான குணங்கள். ஆனால் தண்டவாளம் சாலையின் நடுவில். டிராமுக்கென்று பல இடங்களில் தனியாக விட்டிருந்த தடத்தைப் பிற்காலத்தில் கான்கிரீட் போட்டு மூடி, கார்களையும் அதில் ஓடவிட்டார்கள். டிராம் ஏற வேண்டுமென்றால் வரும் வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டே பாதிச் சாலையைக் கடக்க வேண்டும். ஒரு டிராம் பழுதானால் பின்னால் வருவது ஒதுங்கிப் போகவும் வழியில்லை. இத்தனையும் செய்துவிட்டு, நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்றார்கள். மைதான்–எஸ்பிளனேடு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது. டிராம் மெதுவாகப் போனது என்பதைவிட, அதன் இடத்தைக் காருக்குக் கொடுத்தார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

சென்னை இப்போது டிராம் இல்லாமலே நடைபாதையை மீட்கப் பார்க்கிறது. பாண்டி பஜாரில் 2019ல் அகலமான நடைபாதை போட்டார்கள். நல்ல காரியம்; ஓரமாக நிறுத்தும் பைக்குகளை மட்டும் யாராவது அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை விஷயத்தில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தெரு வண்டிகளுக்கு, மனிதர்கள் மாடிக்கு என்று ஆகிறது. கடைகள் கீழேதான் இருக்கின்றன.

எங்கள் மலைக்கு டிராம் வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். ஆனால் கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் சீசன் நேரத்தில் நின்று பாருங்கள். நடக்கிறவர் கார்களுக்கு இடையில் சந்து தேடுவார். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மலை ஏறும் வண்டிகள் எத்தனை என்பதை அது சொல்லும். ஏறிய பின் அவை எங்கே நிற்க வேண்டும் என்பதை நகராட்சிதான் சொல்ல வேண்டும். கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஏரி வரை அடிக்கடி மினி பஸ் விடட்டும். ஏழு ரோட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் வழியை, சீசன் மாதங்களிலாவது, நடக்கிறவர்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும்.