போன் இருந்தால்தான் திறக்கும் கதவு: பொது வைஃபையும் சின்ன லேப்டாப்பும்

பொது வைஃபை என்று பேச்சு வந்தாலே எல்லோரும் வேகத்தைத்தான் திட்டுவார்கள். எனக்கு வேகத்தில் பெரிய புகார் கிடையாது. ரயில் நிலையத்தில் நொடிக்கு 1 மெகாபிட் கிடைத்தால் (எம்பிபிஎஸ் என்று எழுதினால் டாக்டர் படிப்பு ஆகிவிடுகிறது) மெயில் பார்க்கலாம், ஒரு பிடிஎஃப் இறக்கலாம், எழுதிய கோடை சர்வருக்கு அனுப்பிவிடலாம். போதும். என் குறையெல்லாம் வாசலில். உள்ளே போவதற்கு முன்னால் வந்து நிற்கும் அந்த லாகின் பக்கம் இருக்கிறதே, அது தப்பாகக் கட்டிய வாசல். போனில் பார்த்தால் இது அவ்வளவாகத் தெரியாது. சிம் போட இடமில்லாத ஒரு 11 அங்குல லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள், உடனே தெரியும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரயில்டெல்லும் சேர்ந்து இலவச வைஃபையை ஆரம்பித்தன. 2018 ஜூனில் அசாமின் திப்ரூகரோடு 400 நிலையங்கள் ஆயின. எர்ணாகுளத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் வேலைக்கு நடுவே நிலைய வைஃபையில் பாடம் கேட்டு, கேரள பிஎஸ்சி எழுத்துத் தேர்வில் தேறினார் என்ற செய்தி வந்ததும் அதே வருடம்தான். 2020இல் கூகுள் விலகிக்கொண்டது. மொபைல் டேட்டா மலிவாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ரயில்டெல் இன்றும் ரயில்வயர் என்ற பெயரில் 6000க்கும் மேற்பட்ட நிலையங்களில் நடத்துகிறது. 2021இல் அறிவித்த திட்டப்படி தினம் 30 நிமிடம் இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 10 ரூபாயிலிருந்து கட்டணம்.

கூகுள் சொன்ன காரணம் நியாயம்தான். ஆனால் அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். உள்ளே போக ஓடிபி வேண்டும். ஓடிபி வர, கையில் உயிரோடு ஒரு போன், அதில் வேலை செய்யும் சிம், அந்த சிம்முக்கு சிக்னல், மூன்றும் வேண்டும். இந்த மூன்றும் உள்ளவரிடம் பெரும்பாலும் டேட்டாவும் இருக்கும். அப்போ இந்த வைஃபை யாருக்கு? போன் சார்ஜ் தீர்ந்தவர், ஸ்கூலில் கொடுத்த லேப்டாப் மட்டும் வைத்திருக்கும் பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரம் பார்க்க வந்து இன்னும் இந்திய சிம் வாங்காதவர். நிஜமாகத் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான். கதவு இவர்களுக்குத்தான் திறப்பதில்லை.

ஓடிபி எங்கிருந்து வந்தது என்று தேடினால், கதை 2008க்குப் போகிறது. அகமதாபாத், டெல்லி குண்டுவெடிப்புகளை ஒட்டி வந்த மிரட்டல் மெயில்கள், மும்பைப் பக்கம் பாஸ்வேர்டு போடாமல் கிடந்த யாரோ ஒருவரின் வைஃபை வழியாகப் போயிருந்தன. அடுத்த வருடமே தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் வருபவர் யார் என்று தெரிந்தாக வேண்டும் என உத்தரவு போட்டது. அந்தக் கவலையில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அடையாளம் என்றால் மொபைல் எண் மட்டும்தான் என்று ஏன் ஆகணும்? 2011இல் வந்த சைபர் கஃபே விதிகளைப் பாருங்கள். பள்ளி, கல்லூரி அடையாள அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாமே செல்லும். பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் ஐடி கார்டைக் காட்டிவிட்டு உட்கார்ந்த காலத்தில் இருந்த வழிகள் இப்போது குறைந்திருக்கின்றன. மனிதர் நின்ற இடத்தில் எஸ்எம்எஸ் வந்ததால் ஆன சுருக்கம் இது. நடத்துகிறவருக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதான்.

இனி தொழில்நுட்பப் பக்கம். எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

நீங்கள் பிரவுசரில் ஒரு முகவரியை அடிக்கிறீர்கள். லாகின் ஆகாதவரை நடுவில் இருக்கும் கேட்வே அந்தக் கோரிக்கையை வழிமறித்து, "நான்தான் அந்தத் தளம், இந்தப் பக்கத்துக்குப் போ" என்று பொய் சொல்லி உங்களைத் திருப்பிவிடுகிறது. பாதுகாப்பு பாடத்தில் இதற்கு நடுவாள் தாக்குதல் என்று பெயர். பழைய எச்டிடிபி காலத்தில் இந்தப் பொய் எடுபட்டது. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ். கேட்வேயிடம் அந்தத் தளத்தின் சான்றிதழ் இருக்காது. பிரவுசர் சிவப்புப் பக்கம் காட்டி நிறுத்திவிடும், நிறுத்தவும் வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "பரவாயில்லை, தொடர்" பட்டனைத் தேடி அழுத்துகிறார்கள். பத்து வருடமாக எச்சரிக்கையை மதியுங்கள் என்று சொல்லிக்கொடுத்ததை, ஒரு ஹோட்டல் வரவேற்பறை ஐந்து நிமிடத்தில் மறக்கடிக்கிறது.

போன்கள் இதற்கு ஒரு சுற்றுவழி வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டும் ஐபோனும் நெட்வொர்க்கில் சேர்ந்ததும், தெரிந்த பதில் வரவேண்டிய ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். பதில் மாறி வந்தால் லாகின் ஜன்னலைத் தானே திறக்கும். விண்டோஸும் ஃபயர்ஃபாக்ஸும்கூட இதையே செய்கின்றன. லினக்ஸ் போட்ட சின்ன லேப்டாப்பில் இது டிஸ்ட்ரோவைப் பொறுத்தது. கூடவே நான் மாதிரி டிஎன்எஸ்ஸை மாற்றி வைத்தோ, விபிஎன்னை எப்போதும் ஓடவிட்டோ வைத்திருந்தால் அந்த ஜன்னல் வரவே வராது. பாதுகாப்பில் அக்கறை எடுத்தவருக்குத்தான் தண்டனை! இன்னொரு வேடிக்கை: டாக்கர் தன் உள் நெட்வொர்க்குக்கு 172.17இல் தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொள்ளும். பொது வைஃபையும் அதே வரிசையைப் பயன்படுத்தினால், லேப்டாப் லாகின் பக்கத்தைத் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வைஃபை கெட்டுப்போன மாதிரிதான் தெரியும்.

சரி, இதற்குத் தீர்வே இல்லையா என்றால், இருக்கிறது. 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910, 8908 இரண்டும் இதற்காகவே எழுதியவை. ஐபி முகவரி கொடுக்கும்போதே டிஎச்சிபி 114ஆம் ஆப்ஷனில் "லாகின் செய்ய இங்கே வா" என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். வழிமறிப்பும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 இரண்டுமே இதைப் புரிந்துகொள்கின்றன. ஆனால் நான் போகிற ஹோட்டல், பஸ் நிலையம், கஃபே என எங்கே டிஎச்சிபி பதிலைத் திறந்து பார்த்தாலும் அந்த ஆப்ஷன் கண்ணில் படவில்லை. (ஆமாம், போகிற இடமெல்லாம் திறந்து பார்ப்பேன். வீட்டில் இதற்குத் தனியாகத் திட்டு உண்டு.)

2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வானி திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய மஞ்சள் போர்டு பிசிஓ மாதிரி, டீக்கடைக்காரரும் லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்கலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் பிசிஓவில் ஒரு ரூபாய் காசு போட்டால் போதும், சொந்தமாக போன் வைத்திருக்க வேண்டியதில்லை; போன் இல்லாததால்தானே அங்கே போனோம். வானியிலோ வாசலே ஒரு ஆப். லேப்டாப்போடு வந்தவர் இங்கேயும் வெளியில்தான்.

ஆளைத் தெரிந்துகொண்டே இந்தப் பக்கத் தொல்லை இல்லாமல் விடலாம் என்பதற்கு எடுரோம் இருபது வருடமாகச் சாட்சி. ஐரோப்பாவில் தொடங்கிய இந்த ஏற்பாட்டை இந்தியாவில் எர்னெட் நடத்துகிறது. ஒரு பல்கலைக்கழக மாணவர் இன்னொரு நாட்டு வளாகத்தில் லேப்டாப்பைத் திறந்தால், அவருடைய சொந்தக் கல்லூரி சர்வரே "இவர் எங்கள் ஆள்தான்" என்று சொல்லிவிடும். இணைப்பும் என்கிரிப்ட் ஆகிவிடும். ஓடிபி கிடையாது, எஸ்எம்எஸ் கிடையாது. ரயில் டிக்கெட் எடுத்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே ஐஆர்சிடிசி கணக்கு இருக்கிறது. அதை வைத்து இதே மாதிரி செய்வதற்குத் தொழில்நுட்பத்தில் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை நான் செய்வது: விபிஎன்னையும் சொந்த டிஎன்எஸ்ஸையும் நிறுத்திவிட்டு, எச்டிடிபிஎஸ் இல்லாத நெவர்எஸ்எஸ்எல் டாட் காமைத் திறப்பேன். பெரும்பாலும் லாகின் பக்கம் வந்துவிடும். வராவிட்டால் ரூட் டேபிளில் கேட்வே முகவரியைப் பார்த்து நேராக அடிப்பேன். லாகின் முடிந்ததும் முதல் வேலையாக விபிஎன்னைத் திரும்பப் போடுவேன். மேக் முகவரியை ஒவ்வொரு தடவையும் மாற்றும் அமைப்பு இருந்தால், நெட்வொர்க்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தூங்கி எழுந்த லேப்டாப்பைக் கேட்வே புது ஆளாக நினைத்து மறுபடி ஓடிபி கேட்கும்.